ஊர்வாய்க்குப் பயந்து நோயை முற்றவிடலாமா?

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்குக் காய்ச்சல் புதிதல்ல. காட்டோரங்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கொட்டில் போட்டு வாழ்ந்த 1990-களில், வன்னிப் பகுதியில் மலேரியா நுழையாத வீடு அரிதாகவே இருந்தது. அக்காலத்தில் காய்ச்சல் என்று வைத்தியசாலைக்குப் போனால், முதலில் விரல் நுனியிற் குத்தி ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பார்கள். அதற்காக எவரும் வெட்கப்படவில்லை. பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று எவரும் ஒளித்துப் போகவும் இல்லை. இவ்வாறு குருதி பார்த்து, உரிய மருந்தைக் குடித்து, நுளம்பையும் அடக்கியதனாலேயே 2016-ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

இன்னொரு நோய் உண்டு. அதையும் ஒரு துளி குருதியாற் கண்டுபிடிக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. ஆனால் அதன் பெயரைச் சொன்னவுடன் எம்மவர் குரலைத் தாழ்த்திக் கொள்கின்றனர். எச்.ஐ.வி. என்ற கிருமியையும், அது முற்றும்போது வருகின்ற எயிட்ஸ் நிலையையும் பற்றியே இங்கு சொல்ல விரும்புகின்றோம்.

எமது கருத்து இதுதான். இந்தக் கிருமி உடலில் இருப்பதை நேரத்துடன் அறிந்து மருந்து எடுப்பவர், மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். இன்று இந்த நோயால் நேரும் மரணங்களிற் பல, பிந்தி வந்ததால் நேரும் மரணங்கள். ஆட்களைப் பிந்த வைப்பதில் கிருமிக்குப் பங்கு பாதி என்றால், ஊர்வாய்க்குப் பங்கு மறுபாதி.

முதற் காய்ச்சல்

எச்.ஐ.வி. உடலுக்குள் புகுந்து 2 முதல் 4 வாரங்களுக்குள் பலருக்கு ஒரு காய்ச்சல் வருகின்றது. தலையிடி, தொண்டை நோவு, மூட்டு உளைவு, உடல் அலுப்பு ஆகியன கூடவே வரலாம். கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டலாம். நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த பொட்டுகள் தோன்றலாம். சிலருக்கு வாய்ப்புண்ணும் வயிற்றோட்டமும் இரவு வியர்வையும் இருக்கும். இவை சில நாட்களோ சில வாரங்களோ இருந்துவிட்டுத் தாமாகவே மாறிவிடும்.

இவற்றை வாசிக்கும்போதே உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். இவற்றில் எதுவும் இந்த நோய்க்கு மட்டும் உரியதல்ல. டெங்குக்கும் இப்படித்தான். எலிக்காய்ச்சலுக்கும் இப்படித்தான். சாதாரண தடிமன் காய்ச்சலுக்கும் ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே இரண்டு பனடோல் குளிசையும் கொத்தமல்லிக் குடிநீரும் குடித்துவிட்டு, மாறிவிட்டது என்று வேலைக்குப் போய்விடுவோம். வேறு சிலருக்கோ இந்தக் காய்ச்சல் வருவதே இல்லை. கிருமி புகுந்ததை அவர்கள் எவ்விதத்திலும் உணர்வதில்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, காய்ச்சலும் பொட்டும் வந்தவர் எல்லாம் எச்.ஐ.வி. வந்ததாக எண்ணிப் பதற வேண்டியதில்லை. எமது பகுதிகளில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் இதைவிட எவ்வளவோ அதிகம். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அவற்றுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும். இரண்டாவது, கடந்த சில வாரங்களில் தொற்று ஏற்படக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று இருந்திருப்பின், காய்ச்சல் மாறிவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடலாகாது. காய்ச்சல் போவதால் கிருமி போவதில்லை.

இந்த முதல் வாரங்களிலேயே குருதியிற் கிருமியின் அளவு மிக அதிகமாக இருக்கும். எனவே மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் அப்போது மிக அதிகம். ஆனால் அதே வாரங்களிற் செய்யும் பரிசோதனையில் தொற்று தெரியாமற் போகவும் கூடும். பல பரிசோதனைகள் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை; கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையே பார்க்கின்றன. அது உருவாகக் காலம் எடுக்கும். ஆகவே முதற் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், சந்தேகத்துக்குரிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மௌனமான ஆண்டுகள்

காய்ச்சல் மாறியபின் நோய் உறங்குவது போலத் தோன்றும். உண்மையில் அது உறங்குவதில்லை. எமது உடலில் நோயை எதிர்த்துப் போராடும் வெண்குருதிக் கலங்களில் சி.டி.4 எனப்படும் ஒரு வகை உண்டு. அவையே மற்றக் கலங்களுக்குக் கட்டளை இடுவன. எச்.ஐ.வி. இந்தக் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகி அவற்றை அழிக்கின்றது. சுகதேகி ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு இவை 500 முதல் 1500 வரை இருக்கும். மருந்து எடுக்காதவரிடம் இந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும்.

தென்னையிற் செவ்வண்டு புகுந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியே ஓலை பச்சையாகவே இருக்கும், குலையும் தள்ளும். உள்ளே குருத்தடி அரிபட்டுக்கொண்டிருக்கும். வட்டு சரிந்த பின்னர் மருந்து ஊற்றி மரத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்டில் சிறு துளையும் கசிவும் கண்ட அன்றே பார்த்தவர் மரத்தைக் காப்பாற்றுகின்றார்.

மருந்தில்லாத நிலையில் இந்த மௌனமான காலம் சராசரியாக 8 முதல் 10 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். சிலருக்கு அதனிலும் குறைவு, சிலருக்குக் கூட. இந்த ஆண்டுகளில் அவர் மண்வெட்டி பிடிப்பார், கிணறு இறைப்பார், கலியாணம் முடிப்பார், பிள்ளை பெறுவார். நெறி மட்டும் சிலவேளை நோவில்லாமல் நீண்ட காலம் வீங்கியபடி இருக்கலாம். "ஆள் நல்ல வாட்டசாட்டமாக இருக்கிறான், அவனுக்கென்ன நோய்?" என்று எம்மவர் கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை. முகத்தைப் பார்த்தோ, உடம்பைப் பார்த்தோ, நடத்தையைப் பார்த்தோ இந்தக் கிருமி எவரிடம் இருக்கிறது, எவரிடம் இல்லை என்று சொல்ல எவராலும் முடியாது. குருதிப் பரிசோதனை ஒன்றே வழி.

நோய் முற்றும்போது

சி.டி.4 கலங்கள் 200-க்குக் கீழே குறைந்துவிட்டால், அல்லது குறிப்பிட்ட சில கடும் நோய்கள் வந்துவிட்டால், அதையே எயிட்ஸ் என்கின்றனர். அப்போது உடல் வேலி இல்லாத தோட்டம் போல ஆகிவிடும். சாதாரணமாக எம்மை அண்டாத கிருமிகளும் உள்ளே வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. காரணம் தெரியாமல் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைதல். அதாவது 60 கிலோ இருந்தவர் 54 கிலோவுக்குக் கீழே இறங்குதல். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம். வாயிலும் தொண்டையிலும் பால் ஏடு போன்ற வெண்படை. உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் வரும் அக்கி. விட்டுவிட்டு வரும் நியூமோனியா. கடும் தலையிடியுடன் வரும் மூளைக்காய்ச்சல். பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகின்றது. இவையும் வேறு காரணங்களால் வரக்கூடியவையே. எனினும் இவற்றில் ஒன்று நீடித்தால் வைத்தியரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் மேலாகக் காசநோயைச் சொல்ல வேண்டும். உலகில் எச்.ஐ.வி. தொற்றியவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் காசநோய்க்கே உண்டு. காற்றோட்டம் இல்லாத சிறு கூரையின் கீழ் பலர் நெருங்கிப் படுக்கும் இடங்களில் அது இலகுவிற் பரவும். அந்த வாழ்க்கை எத்தகையது என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். காசநோய் என்று கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் உடன்படுங்கள். காசநோயை முற்றாகச் சுகப்படுத்தலாம்.

பிந்த வைப்பது எது?

மருந்தில்லாமல் எயிட்ஸ் நிலையை அடைந்தவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளே வாழ்வார் என்பது பழைய அனுபவம். இத்தனை ஆண்டு இடைவெளி இருந்தும் ஒருவர் கடைசி நேரத்திலே வருவதேன்? வைத்தியசாலை தூரம் என்பது ஒரு காரணம். ஒரு நாட் கூலியை இழக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஆனால் பயமே பெருங் காரணம். கொட்டில்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் இரகசியம் இல்லை. கிளினிக் வாசலில் ஒருவர் கண்டுவிட்டால், பின்னேரம் கிணற்றடியில் அது கதையாகிவிடும். மறுநாள் அதே கிணற்றில் அவரைத் தண்ணீர் அள்ள விடலாமா என்ற கேள்வி எழும்.

இது கற்பனையான பயம் அல்ல. 2016-ஆம் ஆண்டில் வடமேல் மாகாணத்தில் ஒரு சிறுவனுக்கு இந்த நோய் இருப்பதாக வதந்தி பரவி, பாடசாலைக் கதவு அவனுக்கு அடைக்கப்பட்ட செய்தியை நாடே அறிந்தது. அந்தச் சிறுவனுக்குக் கிருமி இருக்கவே இல்லை. இருந்திருந்தாலும் அவனைத் தடுப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை. ஏனெனில் ஒரே வாங்கில் இருப்பதால், ஒரே கோப்பையிற் குடிப்பதால், ஒரே கிணற்றிற் குளிப்பதால், ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதால், கட்டி அணைப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது. நுளம்பு கடிப்பதாலும் தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதி, கிருமியுள்ளவருக்குக் குத்திய ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து கர்ப்பத்திலும் பேற்றிலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்குமே அது செல்கின்றது.

பழி சுமத்தும் பழக்கத்தையும் இங்கு சொல்லியே ஆக வேண்டும். கணவன் இறந்தால் மனைவியைக் குற்றஞ் சாட்டுவார்கள். வளைகுடா நாட்டிற் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அகதியாகப் போய் வந்தவர்களைச் சந்தேகிப்பார்கள். இலங்கையில் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இந்தக் கிருமி உண்டு. அதே வேளை, அண்மைய ஆண்டுகளிற் புதிதாகக் கண்டறியப்படுவோரின் தொகை கூடி வருகின்றது. அவர்கள் எல்லா ஊர்களிலும் எல்லாத் தரத்தாரிலும் இருக்கின்றனர். எவர் எப்படித் தொற்றுக்கு உள்ளானார் என்று விசாரணை செய்வதால் ஒருவருக்கும் சுகம் வரப்போவதில்லை.

குழந்தை வைத்திய நிபுணரான கமலிகா அபேரத்னவை இங்கு நினைவு கூர்வது பொருத்தம். 1990-களில் வீதி விபத்து ஒன்றின் பின் ஏற்றப்பட்ட குருதியினால் அவர் தொற்றுக்கு உள்ளானார். அதை மறைக்காமல் நாட்டுக்கு வெளிப்படையாகச் சொன்னார். தம்மைப் போன்றவர்களுக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். 2004-இல் அவர் காலமானார். அரசாங்கம் இந்த மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியதும் அந்தக் காலப்பகுதியிலேதான். இன்று தானமாகப் பெறப்படும் குருதி முழுவதும் சோதிக்கப்பட்ட பின்னரே நோயாளருக்கு ஏற்றப்படுகின்றது.

மருந்து என்ன செய்யும்?

1981-இல் இந்த நோய் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவானபோது கையில் ஒரு மருந்தும் இருக்கவில்லை. 1983-இற் பிரான்சில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1996-இலிருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. சி.டி.4 குறையும் வரை காத்திராமல், தொற்று கண்டவுடனேயே எல்லோருக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இப்போது பலருக்கு நாளுக்கு ஒரு குளிசையே போதுமானது.

இந்த மருந்து கிருமியை உடலிலிருந்து முற்றாக அகற்றாது. பெருக விடாமல் அடக்கி வைத்திருக்கும். சி.டி.4 கலங்கள் மீண்டும் கூடும். ஒழுங்காக எடுத்துவரும்போது கிருமி குருதிப் பரிசோதனையிற் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைவருக்குக் கிருமி தொற்றாது என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. பிந்தி வந்தவருக்கும் மருந்து உதவும். ஆனால் அவர் அதற்கு முன் பல கண்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கும்.

தாய்மாருக்கு இதிலும் நல்ல செய்தி உண்டு. ஒன்றும் செய்யாது விட்டால் தொற்றுள்ள நூறு தாய்மாரின் பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானோருக்குக் கிருமி செல்லலாம். தாய் நேரத்துடன் மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் குறையும். கர்ப்பிணிகளின் குருதியைச் சோதித்து உரிய சிகிச்சை அளித்ததனால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. செல்வதை ஒழித்த நாடு என 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே குடும்பநல மாதுவிடம் பதிந்து கிளினிக்குக்குப் போக வேண்டும். இடம் மாறி வந்த தாய், புதிய இடத்திலும் தாமதியாமற் பதிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு, 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாட்கள் கொடுத்தால் தொற்றைத் தடுக்கலாம். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மானம் போய்விடும் என்று வீட்டுக்குள் அடைத்து வைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தப் பிள்ளைக்கு நட்டமாகும்.

நாம் செய்யக்கூடியவை

யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு உட்பட நாட்டின் பல பகுதிகளிலும் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. அங்கு பரிசோதனையும் ஆலோசனையும் மருந்தும் இலவசம். வருபவரின் விபரம் இரகசியமாக வைக்கப்படும். ஆணுறையும் அங்கு பெறலாம். சந்தேகம் உள்ளவர் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போவது இன்னும் சிறந்தது.

இடம்பெயரும்போது காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பையில் வைக்க எமது தாய்மார் மறப்பதில்லை. நீண்ட கால மருந்து எடுப்பவர் கிளினிக் கொப்பியையும் கையிலுள்ள குளிசைகளையும் அந்தப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். யுத்தம் மட்டுமல்ல, வெள்ளமும் எம்மை எழுப்பிவிடுகின்றது. மருந்து இடையில் நின்றுபோனால் கிருமி மீண்டும் பெருகும். விட்டுவிட்டு எடுத்தால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறவும் கூடும். போய்ச் சேர்ந்த இடத்து வைத்தியசாலையில் முதல் நாளே இதைச் சொல்லி மருந்தைக் கேட்க வேண்டும்.

மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இந்த விடயத்தைத் தமது கூட்டங்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுகாதாரப் பரிசோதகரையோ குடும்பநல மாதுவையோ அழைத்து ஒரு பின்னேரம் பேசச் செய்யலாம். வெங்காயத்துக்கு வரும் நோயைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கேட்கப் பொறுமை உள்ள எமக்கு, பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோயைப் பற்றிக் கேட்கவும் பொறுமை இருக்கத்தான் வேண்டும். வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் புறப்படும் இளைஞர் யுவதிகள் இதைக் கட்டாயம் கேட்டுப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒருவர் எந்தக் கிளினிக்குக்குப் போனார், ஏன் போனார் என்ற கதையை எமது கிணற்றடியிலும் சந்தியிலும் எவரும் தொடங்கக் கூடாது. தொடங்கினால் மற்றவர்கள் அதைத் தொடரக் கூடாது. பணச் செலவில்லாத அபிவிருத்தி வேலை இது. இதைச் செய்தால், இப்போது பயந்து ஒதுங்கி நிற்கும் ஒருவர் மௌனமான அந்த ஆண்டுகளுக்குள்ளேயே வைத்தியசாலைப் படி ஏறுவார். காணியையும் வீட்டையும் உறவுகளையும் இழந்துவந்த எமது மக்கள், மருந்து இருக்கின்ற ஒரு நோய்க்கு இன்னும் ஓர் உயிரைக் கொடுக்கலாகாது.